தங்கிச் சுற்றுவதா, ஊர் ஊராகப் போவதா?

சமவெளி வயற்காட்டில் நிதானமாக சைக்கிள் பயணம் போக இரண்டு வழிகள் உண்டு. ஒரே ஊரில் தங்கி, தினமும் ஒரு திசையில் 30, 40 கிலோமீட்டர் சுற்றிவிட்டுத் திரும்பலாம். அல்லது மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராக நகரலாம்.

பலர் சுமையை நினைத்தே இரண்டாவதைத் தவிர்க்கிறார்கள். மேடில்லாத நிலத்தில் சுமை பெரிய விஷயமில்லை. கிளம்பும்போதும் இளகிய மண்ணிலும்தான் அது காலுக்குத் தெரியும். இங்கே மேடு என்பது காற்றுதான். மணிக்கு 15 கிலோமீட்டரில் நாம் போகும்போது அதே வேகத்தில் எதிர்காற்று வீசினால், காற்றின் தடை நான்கு மடங்காகிறது. அறுவடை முடிந்த வெளியில் அதை மறிக்க ஒரு வேலிகூட இருக்காது.

தங்கிச் சுற்றுபவர் காலையில் காற்றைப் பார்த்துவிட்டுத் திசையை முடிவு செய்யலாம். போகும்போது எதிர்காற்று, களைத்துத் திரும்பும்போது முதுகில் காற்று. அப்புறம், திங்களன்று உழுதுகொண்டிருந்த நிலத்தில் வியாழனன்று விதைப்பதைப் பார்க்கலாம். அந்த நெருக்கம் எனக்கு மிகவும் பிடித்தது.

ஊர் ஊராகப் போகிறவருக்குத் திசை முன்பே முடிவாகிவிடும். மூன்று நாளும் காற்று எதிர்த்தால் எதிர்த்ததுதான். பதிலுக்கு, வந்த வழியே திரும்ப வேண்டியதில்லை. ஒரு வாய்க்காலை அதன் மதகிலிருந்து கடைமடை வரை தொடர்ந்து போக முடியும்.

நான்கு நாள் விடுப்பு என்றால் நான் தங்கிவிடுவேன். பத்து நாள் கிடைத்தால், காற்று வீசும் பக்கமாக மூட்டையோடு கிளம்பிவிடுவேன்.