பாப்பாவின் முதல் கிண்ணம்: ராகிப் பாலா, முளைகட்டிய மாவா, டப்பா மாவா?

என் மகளுக்கு ஆறு மாதம் முடிந்த வாரத்தில் ஆளுக்கொரு பேச்சு கிளம்பியது. பென்னாகரம் பக்கத்தில் இருக்கும் அம்மா, கேழ்வரகை ஊறவைத்து அரைத்துப் பாலெடுத்துக் காய்ச்சிக் கொடு என்றார். கிருஷ்ணகிரியில் நாங்கள் குடியிருக்கும் வீட்டுக்கார அக்கா தேன்கனிக்கோட்டைக்காரர், வீட்டில் கன்னடம் பேசுபவர். முளைகட்டிய மாவில் காய்ச்சும் 'ராகி சரி'தான் குழந்தைக்கு என்றார். ஓசூருக்கு ஷிப்ட் வேலைக்குப் போகும் என் கணவர், மருந்துக் கடையிலிருந்து ஒரு டப்பா மாவை வாங்கிவந்து அடுப்படியில் வைத்தார். விடிவதற்கு முன்பே கிளம்ப வேண்டிய வீட்டில் யார் நின்று கூழ் கிளறுவது என்பது அவர் கவலை. அத்தை மட்டும், "அங்கன்வாடியில சும்மா குடுக்கறாங்களே, அதைக் கரைச்சு ஊட்டேன் கண்ணு" என்றார்.

இப்போது பாப்பாவுக்கு ஒன்பது மாதம். இந்த மூன்று மாதத்தில் நான்கையும் கொடுத்துப் பார்த்துவிட்டேன். இப்போதுதான் ஆறு மாதத்தைத் தொடும் குழந்தையை மடியில் வைத்திருப்பவர்களுக்காக, பார்த்ததை எழுதுகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும் போதும். அதன்பிறகு 6 முதல் 8 மாதக் குழந்தைக்குத் தாய்ப்பாலோடு சேர்த்து, உணவிலிருந்து ஒரு நாளைக்குச் சுமார் 200 கலோரி வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. 9 முதல் 11 மாதத்துக்கு 300. குழந்தையின் வயிறோ, ஒரு கிலோ எடைக்கு 30 மில்லி வீதம்தான் கொள்ளும். ஏழு கிலோ பாப்பாவுக்கு ஒரு வேளைக்கு 200 மில்லி என்றால் அதுவே அதிகம். அந்தச் சின்ன வயிற்றில் தண்ணீரை நிரப்புகிறோமா, சத்தை நிரப்புகிறோமா? இதைப் பிடித்துக்கொண்ட பிறகுதான் எனக்கு எல்லாம் தெளிவானது.

ராகிப் பால்

அம்மா சொன்னபடி இதில்தான் தொடங்கினேன். இரவே கேழ்வரகை ஊறவைத்து, காலையில் மிக்சியில் அரைத்து, பழைய வெள்ளை வேட்டித் துணியில் பிழிந்து, கிடைத்த பாலைச் சிறுதீயில் கைவிடாமல் கிளறினால் பத்து நிமிடத்தில் பளபளவென்று வந்துவிடும். நாக்கில் துளி திப்பி தட்டாது. முதல் ஒரு வாரத்துக்கு இதைவிட இதமான உணவு இல்லை. பாப்பா முகம் சுளிக்காமல் சப்பிச் சாப்பிட்டாள். வயிறும் தொந்தரவு செய்யவில்லை.

ஆனால் துணியில் நின்றுபோகும் சக்கையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்காது. நூறு கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்குக் குறையாமல் கால்சியம் இருக்கிறது. அரிசியோடு ஒப்பிட்டால் முப்பது மடங்குக்கு மேல். அதில் ஒரு நல்ல பங்கு மேல்தோலில் இருக்கிறது. பிழிந்த பாலில் இறங்குவது பெரும்பாலும் மாவுச்சத்து. கேழ்வரகின் பெயரைச் சொல்லி அதன் சிறந்த பாகத்தை வாசலில் கோழிக்குப் போடுகிறோம்.

இன்னொரு குறை, அது நம் கைப்பழக்கத்தின் குறை: நீர்க்கக் காய்ச்சுவது. "கெட்டியா குடுத்தா மாந்தம் வந்துடும்" என்று அம்மா பயப்படுவார். ஒரு சின்னக் கரண்டி மாவு ஐந்து கிராம், அதில் பதினாறு கலோரி. அதை ஒரு டம்ளர் தண்ணீரில் காய்ச்சினால் வயிறு நிரம்பும், குழந்தை தூங்கியும் விடும், எடை மட்டும் ஏறாது. கூழ் கரண்டியைச் சாய்த்தால் ஓடாமல் மெல்ல நகர்ந்து விழ வேண்டும்.

முளைகட்டிய மாவு

அக்கா தன் அடுப்படியில் என்னை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். கல், மண் போக நான்கைந்து தண்ணீர் கழுவி, ஒரு இரவு ஊறவைத்து, வடித்துப் பருத்தித் துணியில் மூட்டையாகக் கட்டித் தொங்கவிட வேண்டும். வெயில் காலத்தில் ஒரே நாளில் வெள்ளையாக முளை எட்டிப் பார்க்கும். கார்த்திகை, மார்கழிக் குளிரில் ஓசூர் பக்கம் இரண்டு நாள்கூட ஆகும். பிறகு நிழலில் நன்றாகக் காயவைத்து, வாசம் வரும்வரை லேசாக வறுத்து, மில்லில் அரைத்து, துணியில் சலிக்க வேண்டும். ஈரம் கொஞ்சம் தங்கினாலும் பூஞ்சை பிடிக்கும். பிசுபிசுத்தாலோ, புளித்த வாடை வந்தாலோ யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

இத்தனை வேலைக்குக் கிடைப்பது என்ன? முளைக்கும்போது தானியத்துக்குள் அமிலேஸ் என்ற நொதி உண்டாகிறது. அது மாவுச்சத்தை உடைப்பதால், அதே அளவு தண்ணீரில் இருமடங்கு மாவு போட்டாலும் கூழ் இறுகாமல் இளகியே இருக்கும். மேலே சொன்ன சின்ன வயிற்றுக் கணக்குக்கு இதைவிடப் பொருத்தமான விடை எனக்குத் தெரியவில்லை. சாதாரண மாவில் கெட்டியாகக் காய்ச்சிய கூழில்கூட ஒரு சிட்டிகை முளைமாவைக் கலந்து இன்னொரு கொதி விட்டால் இளகிவிடும். சோதித்துப் பார்த்தேன், கண்ணெதிரே இளகியது. ஊறுவதாலும் முளைப்பதாலும் பைட்டிக் அமிலம் குறைகிறது. இரும்புச்சத்தை உடலில் சேரவிடாமல் பிடித்துவைப்பது அதுதான். துணியில் சலித்தாலும் மேல்தோலில் ஒரு பகுதியாவது மாவோடு வந்துவிடுகிறது.

இதில் எனக்கு நேர்ந்த ஒரே துன்பம் மில்லில். முதல் தடவை மாலையில் போனேன். எனக்கு முன்னால் மிளகாய் அரைத்திருந்தார்கள். அது தெரியாமல் வீட்டுக்கு வந்து காய்ச்சி, முதல் வாய் ஊட்டியதும் பாப்பா அலறினாள். உதடு சிவந்துபோனது. அரைமணி நேரம் பால் கொடுத்த பிறகுதான் அடங்கினாள். அன்று நான் அழுத அழுகை அவளைவிட அதிகம். இப்போது மில் திறந்ததும் முதல் ஆளாகப் போகிறேன். முதலில் ஒரு பிடி அரிசியை அரைக்கச் சொல்லி அதைத் தனியே எடுத்துவிட்டு, அதன்பிறகே கேழ்வரகைக் கொட்டச் சொல்கிறேன்.

செலவு சொல்லவே வேண்டாம். தருமபுரி, கிருஷ்ணகிரி, நம் இரண்டு மாவட்டமும் கேழ்வரகு பூமி. 2024-25இல் அரசு குறித்த ஆதரவு விலையே குவிண்டாலுக்கு 4,290 ரூபாய்தான், கிலோவுக்கு 43 ரூபாய் கூட வரவில்லை. தருமபுரி மாவட்டத்தில் 2023 முதல் ரேஷனிலேயே 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு வாங்கிக்கொள்ளலாம் என்று கொண்டுவந்தார்கள். பாப்பாவுக்கு ஒரு மாதத்துக்கு அதுவே தாராளம்.

டப்பா மாவு

டப்பாவை நான் வெறுக்கவில்லை. வெந்நீர், கரண்டி, கிண்ணம், இரண்டு நிமிடம். பேருந்தில் பென்னாகரம் போகும் நாளில் அது கைகொடுத்தது. அதைவிடப் பெரிய காரணம் இரும்புச்சத்து. வயிற்றில் இருக்கும்போது குழந்தை சேமித்துக்கொண்ட இரும்பு ஆறு மாத வாக்கில் தீரத் தொடங்கும். தாய்ப்பாலில் இரும்பு குறைவு. கேழ்வரகில் இருந்தாலும் முழுதாக உடலில் ஒட்டாது. டப்பா மாவில் அளந்து சேர்க்கிறார்கள். இந்த ஒரு இடத்தில் டப்பா வெல்கிறது, அதை மறைக்கக் கூடாது.

ஆனால் நாங்கள் வாங்கிய டப்பாவின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் சர்க்கரை என்று இருந்தது. நான்கு நாள் கொடுத்தேன். ஐந்தாம் நாள் ராகிக் கூழைக் கண்டதும் வாயை இறுக மூடித் தலையைத் திருப்பிக்கொண்டாள். பழைய சுவைக்குத் திரும்ப ஒன்பது நாள் ஆயிற்று. இரண்டு வயதுவரை சர்க்கரை சேர்க்கவே வேண்டாம் என்று மருத்துவர்கள் சொல்வது வெறும் பல்லுக்காக இல்லை, நாக்குப் பழக்கத்துக்காகவும்தான் என்று அப்போது புரிந்தது. சர்க்கரை சேர்க்காத வகைகளும் இப்போது கிடைக்கின்றன. வாங்குவதானால் பின்பக்கம் படித்து வாங்குங்கள். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் உணவுக்கு விளம்பரம் செய்யவே 1992ஆம் ஆண்டுச் சட்டமும் 2003இல் அதற்கு வந்த திருத்தமும் தடை போட்டிருக்கின்றன. அட்டையைப் படிப்பதைத் தவிர நமக்கு வேறு வழியும் இல்லை.

எந்தத் தண்ணீரில் காய்ச்சுகிறோம்?

மாவைப் பற்றி இத்தனை பேர் பேசினார்கள், தண்ணீரைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. எங்கள் ஊரில் இதுதான் பெரிய விஷயம் என்று நினைக்கிறேன்.

என் அப்பா வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததில்லை. பல் முழுக்கப் பழுப்புக் கோடுகள். அவர் வெற்றிலையும் போடமாட்டார், பீடியும் பிடிக்கமாட்டார். சின்ன வயதில் குடித்த கிணற்றுத் தண்ணீரில் இருந்த ஃப்ளோரைடு செய்த வேலை அது. நிலையான பற்கள் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் வயதில் உள்ளே போவதுதான் பின்னால் கறையாகத் தெரிகிறது. அதாவது என் பாப்பாவின் இந்த வயதிலிருந்தே. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம்தான் இந்தியத் தர அளவு. வேறு வழியில்லாத இடத்தில் 1.5 வரை போகலாம். தருமபுரி, கிருஷ்ணகிரியில் ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றில் இதைத் தாண்டியது என்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. ஜப்பான் கடனுதவியில் கட்டி 2013இல் திறந்தார்கள்.

கூழ் காய்ச்ச மூன்று தண்ணீர் கிடைக்கிறது. போர் தண்ணீர் எப்போதும் வரும், அதனால் கை தானாக அங்கேதான் போகும். "நல்லா கொதிக்க வெச்சுடு, ஒண்ணும் ஆகாது" என்று பக்கத்தில் சொல்வார்கள். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், ஃப்ளோரைடு போகாது. தண்ணீர் ஆவியாகச் சுண்டச் சுண்ட மீதியில் அதன் அளவு ஏறத்தான் செய்யும். கேன் தண்ணீர் ஆர்.ஓ. முறையில் வடிகட்டியதாக இருந்தால் ஃப்ளோரைடு பெருமளவு நீங்கியிருக்கும், ஆனால் மாதச் செலவு. ஒகேனக்கல் தண்ணீர் ஆற்றுத் தண்ணீர், ஃப்ளோரைடு குறைவு. எங்கள் தெருவுக்குத் தினமும் வராது. அதனால் வரும் நாளில் மூடி போட்ட ஒரு சில்வர் குடத்தைப் பாப்பாவுக்கென்றே தனியாகப் பிடித்துவைக்கிறேன். அதைக் கொதிக்கவைத்தே பயன்படுத்துகிறேன், அது கிருமிக்காக. வீட்டில் மற்றவர்கள் அந்தக் குடத்தைத் தொடுவதில்லை.

இங்கேயும் தாய்ப்பாலுக்கு ஈடு எதுவும் இல்லை. தாய் எந்தத் தண்ணீர் குடித்தாலும் பாலில் இறங்கும் ஃப்ளோரைடு மிகமிகக் குறைவு. டப்பாப் பாலைக் கரைத்துக் கொடுக்கும் குழந்தைக்கோ, கரைக்கும் தண்ணீரில் உள்ளது அத்தனையும் போய்ச் சேரும். நம் ஊரில் பால் பவுடர் கொடுக்க நேர்கிற தாய்மார்கள் டப்பாவின் பெயரைக் கேட்பதற்கு முன் தண்ணீரைக் கேட்க வேண்டும்.

அத்தை சொன்ன சத்துமாவு

அங்கன்வாடி மாவில் தானியத்தோடு பருப்பும் வைட்டமின்களும் சேர்ந்திருக்கின்றன, காசும் இல்லை. தினக்கூலிக்குப் போகும் தாய்க்கு அது பெரிய துணை. வெல்லம் சேர்த்திருப்பதால் தித்திக்கும். அதற்காகவே பாப்பாவுக்கு இப்போதைக்கு வேண்டாம் என்று வைத்திருக்கிறேன். பாலூட்டும் தாய்க்கும் கொடுக்கிறார்கள், என் பங்கை உருண்டை பிடித்து நான் சாப்பிட்டேன்.

இப்போது எங்கள் வீட்டில்

காலையில் முளைகட்டிய மாவில் கூழ், மேலே ஒரு சின்னக் கரண்டி நெய். அந்த நெய்யிலேயே நாற்பது கலோரி வந்துவிடுகிறது. உப்பும் இல்லை, சர்க்கரையும் இல்லை. தேன் ஒரு வயதுக்கு முன் தரவே கூடாது. மதியம் குழைந்த சாதத்தில் பருப்பும் கடைந்த முருங்கைக்கீரையும், வாரத்தில் மூன்று நாள் நன்றாக வெந்த முட்டை மஞ்சள் கரு, ஞாயிறன்று கொஞ்சம் ஆட்டு ஈரல். டப்பா கொடுத்த இரும்புக்கு இது என் மாற்று. கூழுக்குப் பிறகு இரண்டு வாய் மாம்பழம் மசித்துக் கொடுக்கிறேன், அதன் வைட்டமின் சி இரும்பை உடலில் சேர்க்கும். கிருஷ்ணகிரியில் சீசனில் மாம்பழத்துக்கா பஞ்சம்? இது போக, 6 மாதம் முதல் 5 வயதுவரை வாரம் இருமுறை 1 மில்லி இரும்புச்சத்து சிரப் தருவது அரசுத் திட்டத்திலேயே இருக்கிறது. தடுப்பூசிக்குப் போகும்போது செவிலியரிடம் கேட்டு வாங்குங்கள். நான் கேட்ட பிறகுதான் கிடைத்தது.

அம்மாவின் ராகிப் பாலை முதல் வாரத்துக்கு இப்போதும் எல்லாருக்கும் சொல்வேன். அதற்கு மேல் அதிலேயே நிற்க வேண்டாம். டப்பா ஒன்று அலமாரியில் இருக்கிறது, சர்க்கரை சேர்க்காதது, பயண நாளுக்கு மட்டும். கணவருக்கு இரவு ஷிப்ட் வரும் வாரத்தில், பகலில் கூழ் கிளறுவது அவர்தான். கட்டி விழாமல் கிளற என்னைவிட நன்றாகப் பழகிவிட்டார்.

மாவு இன்னும் இரண்டு நாளைக்குத்தான் வரும். முளைகட்டிய கேழ்வரகு மாடியில் நிழலில் காய்கிறது. நாளை விடிந்ததும் மில்லுக்குப் போக வேண்டும், மிளகாய்க்காரர்கள் வருவதற்குள்.