ஆனா ஆவன்னாவா, 'படம்' என்ற சொல்லா: வாசிப்பை எங்கே தொடங்குவது?

வன்னியில் பெரும்பாலான சைவப் பிள்ளைகளுக்கு முதல் எழுத்து விஜயதசமியன்று பச்சையரிசியில் எழுதும் 'அ' தான். தை (ஜனவரி) 31இல் ஐந்து வயது நிறைந்தால் தரம் 1. இடைப்பட்ட காலத்தில் பிள்ளையின் கொப்பியில் என்ன எழுதுவிப்பது என்பதில்தான் பெற்றோரும் முன்பள்ளி ரீச்சர்மாரும் முட்டிக்கொள்கிறார்கள். ஒரு பக்கம் அரிச்சுவடி வரிசை. மறுபக்கம் எளிய வடிவ எழுத்துகளில் தொடங்கிச் சொல்லாகக் கூட்டும் முறை. வாசிப்பைத் தொடங்கச் சொல்முறையே நல்லது என்பதுதான் எங்கள் தீர்ப்பு. அரிச்சுவடிக்கும் வேலை உண்டு, ஆனால் அது பிறகு.

கையை வைத்துப் பாருங்கள். 'அ' எழுதச் சுழி, வளைவு, குறுக்குக்கோடு, நெடுங்கோடு எல்லாம் வேண்டும். நாலு வயது விரலுக்கு அது பாரம். 'ட' அப்படியில்லை: மேலிருந்து கீழே ஒரு கோடு, அங்கிருந்து வலப்பக்கம் ஒரு கோடு. அதையே வலப்பக்கத்தில் மேலே தூக்கினால் 'ப'. அதற்கு ஒரு வளைவு கொடுத்தால் 'ம'.

அடுத்தது பயன். உயிரெழுத்து 12ஐயும் பாடமாக்கிய பிள்ளை, அவற்றை மட்டும் வைத்து வாசிக்கக்கூடிய சொற்கள் ஆ, ஈ போன்ற ஓரிரண்டுதான். அவையும் வீட்டில் புழங்காத சொற்கள். எங்கள் பிள்ளைக்கு ஆ என்பது மாடு, ஈ என்பது இலையான். சுவர் அட்டையில் ஈ படத்தைக் காட்டினால் "இலையான்" என்றுதான் சொல்லும். அது பிள்ளையின் பிழையல்ல. ட, ப, ம, ர என்ற நாலு எழுத்தோடு புள்ளியும் அரவும் ('ா' குறி) தெரிந்தால் படம், பட்டம், மரம், பாடம், மாமா, பாட்டா, மாமரம் என ஏழு சொல் கைக்கு வந்துவிடும்.

எழுத்தின் பெயரும் குழப்பும். 'படம்' என்பதைப் "பானா, டானா, இம்மன்னா" என்று சொல்லப் பழகிய பிள்ளைக்கு அந்த மூன்றையும் கூட்டினால் ஏன் "படம்" வருகிறது என்பது விளங்காது. பெயரை விட்டு ஒலியைச் சொல்லுங்கள். 'க'வின் ஒலி கடல், அகம், தங்கம் மூன்றிலும் ஒன்றல்ல என்பதும் சொல்லுக்குள் வைத்துக் கேட்டால்தான் காதில் விழும்.

சொல்முறையின் பெரிய பலவீனம் ஊகம். படத்தைப் பார்த்துப் பிள்ளை "பட்டம்" என்று சொல்லும், எழுத்தைப் பார்த்தே இராது. அதனால் இரண்டாம் நாளே படத்தை மூடிவிடுங்கள். கொப்பி மட்டையை 3 அங்குலச் சதுரமாக வெட்டி, அட்டைக்கு ஓர் எழுத்து எழுதி, மரம், மடம், படம் என்று ஒவ்வொரு எழுத்தாக மாற்றிக் காட்டுங்கள். வாரத்துக்கு 2 புதிய எழுத்து போதும். பிள்ளை அடிக்கடி வராமல் விட்டால் இந்த முறையில் இடைவெளி விழும், அதை ரீச்சர் குறித்து வைத்துப் பிடித்துக் கொடுக்கத்தான் வேண்டும். ஒரே ரீச்சர் இரண்டு வகுப்பைச் சேர்த்துப் பார்க்கும் சின்னப் பள்ளிக்கூடங்களில் இது லேசான வேலையல்ல. அரிச்சுவடியைக் கோரசாகச் சொல்வதென்றால் நடுவில் வந்து சேரும் பிள்ளையும் கூடவே சொல்லும்.

அரிச்சுவடிச் சட்டத்தின் (எழுத்துகளைக் கட்டம் கட்டமாக அடுக்கிய அட்டவணையின்) முழுப் பலனும் உயிர்மெய்யில்தான் தெரியும். 18 மெய், 12 உயிர், 216 கட்டம். அரவும் கொம்பும் வரிசையாக நிற்கும்போது பிள்ளைக்குத் தானாகவே பிடிபடும். கே, கொ, கை ஆகியவற்றில் கொம்பு முன்னால் நின்றாலும் அதன் ஒலி பின்னால் வருவதைச் சட்டத்தில் விரல் வைத்துக் காட்டலாம். உகர வரிசை மட்டும் ஒரே அச்சில் வராது. கு, டு, மு ஒரு விதம், சு, பு, வு இன்னொரு விதம், து, நு, லு வேறு விதம். அதை இந்த மூன்று கூட்டமாகப் பிரித்துக் கொடுங்கள். சொல்முறையில் ங, ஞ, ஔ தவறிப்போவதும் சட்டத்தை வைத்துச் சரிபார்க்கும்போது அகப்படும்.

முன்பள்ளியில் பென்சிலுக்கு முன் மணல். அரித்த குறுமணலைத் தட்டில் ஒரு விரல் தடிப்புக்குப் பரப்பி, இலேசாகத் தண்ணீர் தெளியுங்கள். காய்ந்த மணலில் கோட்டின் ஓரம் சரியும், தடிப்புக் கூடினால் கோடு மூடிவிடும். வெண்கட்டியால் கீறிய எழுத்தின்மேல் புளியங்கொட்டை அடுக்கலாம், ஆனால் எதையும் வாயில் வைக்கும் வயதுப் பிள்ளைக்கு வேண்டாம். குன்றிமணியை எந்தப் பிள்ளைக்கும் கொடுக்காதீர்கள். அதன் பருப்பு கடும் நஞ்சு.

எது பதிந்தது என்று பார்க்க, சொல்லிக்கொடுக்காத 'மட்டம்', 'பாரம்' இரண்டையும் எழுதிக் காட்டுங்கள். ஒலியைக் கூட்டி வாசித்தால் அடுத்த 2 எழுத்துக்குப் போகலாம். எழுத்தை விட்டு உங்கள் முகத்தைப் பார்த்தால், மறுபடி மணல் தட்டுக்குத் திரும்புங்கள்.