பல் போன இடத்தில்: விடுவதா, மாட்டுவதா, பதிப்பதா?

கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கிய வாரம் நாக்கு சும்மா இருக்காது. போய்ப் போய் அந்தக் குழியையே துழாவும். ஒரு மாதத்தில் அதுவும் பழகிவிடும், மறுபக்கம் மெல்லுவதும் பழகிவிடும். வெளியே தெரியாத பல்தானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விடுகிறவர்கள் ஏராளம். அதனால் ஒப்பீட்டை அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அப்படியே விட்டால் செலவில்லை, ஊசியில்லை. ஆனால் வாய்க்குள் வேலை நடந்துகொண்டே இருக்கும். பக்கத்துப் பற்கள் காலி இடத்தின் பக்கம் சாயும். எதிரில் முட்ட ஆளில்லாத மேல்பல் மெல்லக் கீழே இறங்கும். வேர் போன எலும்பும் கரையும். முதல் ஓராண்டிலேயே அந்த இடத்தின் அகலத்தில் ஏறக்குறையப் பாதி போய்விடலாம். ஒன்றோடு நிற்காமல் பல பற்கள் போனால் தட்டே மாறிவிடுகிறது. கேரட், ஆப்பிள், கொட்டைகள் ஒதுங்கி, மெல்லாமலே விழுங்கக்கூடிய மாவுப் பண்டங்கள் வந்து உட்காரும். நார்ச்சத்து குறையும். அப்புறம் கையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பது, பேச்சைக் குறைப்பது. பல்லிழந்தவர்களிடம் இதயநோயும் மறதிநோயும் கூடுதலாகக் காணப்படுகின்றன என்பது உண்மை. ஆனால் பல் போனதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஈறுநோய், புகைப்பழக்கம், சர்க்கரை எல்லாம் அதில் கலந்து கிடக்கின்றன. ஞானப்பல் போனால் மட்டும் கவலையே வேண்டாம், விட்டுவிடலாம்.

கழற்றி மாட்டும் பல் செட் மலிவு, அறுவை இல்லை. முழு செட்டின் கடிக்கும் வலு சொந்தப் பல்லில் கால்வாசிதான் தேறும். எலும்பு கரையக் கரைய செட் லூசாகும், அதிலும் கீழ்த்தாடையில் சீக்கிரமே. இரவில் கழற்றாமல் தூங்கினால் பூஞ்சைப் புண் வரலாம்.

பிரிட்ஜ் என்பது இருபக்கப் பற்களின் மேல் கேப் (உறை) போட்டு, நடுவே செயற்கைப் பல்லைப் பாலம்போல் நிறுத்துவது. அது அசையாது, சில வாரங்களில் முடிந்துவிடும். ஆனால் அதற்காக இருபுறமும் நன்றாக இருக்கிற பற்களைச் சீவ வேண்டும். எனக்கு இது மனதுக்கு ஒப்பவில்லை. அவற்றுக்கு ஏற்கெனவே கேப் போட்டிருந்தால் சரி, பிரிட்ஜே புத்திசாலித்தனம்.

இம்ப்ளாண்ட் என்பது எலும்புக்குள் பதிக்கும் டைட்டானியம் திருகு. 1965-இல் ஸ்வீடனில் பிரோனமார்க் என்ற மருத்துவர் முதன்முதலில் ஒரு நோயாளிக்கு இந்த முறையில் பொருத்தினார். பக்கத்துப் பல்லைத் தொடாது, எலும்பையும் ஓரளவு காக்கும். எலும்போடு ஒட்ட பொதுவாக 3 முதல் 6 மாதம் ஆகும், செலவும் அதிகம். புகைப்பவர்களுக்கும் சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கும் தோற்கும் வாய்ப்பு கூடும்.

ஒரே ஒரு பல், இருபுறமும் நல்ல பற்கள் என்றால் என் ஓட்டு இம்ப்ளாண்டுக்குத்தான். பல்லே இல்லாத கீழ்த்தாடைக்கு இரண்டு இம்ப்ளாண்ட் பதித்து, அதன்மேல் செட்டைப் பூட்டிக்கொள்வது நல்ல நடுவழி. எதுவானாலும் பல் பிடுங்குகிற அன்றைக்கே மருத்துவரிடம் பேசிவிடுங்கள். எலும்பு அதிகம் கரைவது முதல் மூன்று மாதங்களில்தான்.