சேலம் தட்டுவடை செட்டு: வண்டிக்கடைகளில் பல வருஷம் தின்று பார்த்ததில்

வெளியூரிலிருந்து வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எந்தக் கடையில செட்டு நல்லா இருக்கும்?" என்பதுதான். ஒரே வண்டியில் ஆறு மணிக்குத் தின்ற செட்டும் ஒன்பது மணிக்குத் தின்ற செட்டும் ஒரே ருசியில் இருப்பதில்லை. அதனால் கடைப் பெயரை மட்டும் கேட்டுக்கொண்டு போவதில் பெரிய லாபமில்லை. சட்னி எவ்வளவு கெட்டி, தட்டு கைக்கு வந்த பின் எவ்வளவு சீக்கிரம் காலியாகிறது என்று பாருங்கள். முக்கால்வாசி ருசி அங்கேதான் இருக்கிறது.

செட்டு என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காக: இரண்டு அங்குலம் அகலமுள்ள சின்னத் தட்டுவடை (அரிசி மாவில் சுட்ட மொறுமொறுப்பான தட்டை) ஒன்று. அதன்மேல் பச்சைச் சட்னியும் பூண்டுக் காரச் சட்னியும் தடவி, துருவிய கேரட், பீட்ரூட், பொடியாக அரிந்த வெங்காயம் வைத்து, இன்னொரு தட்டுவடையால் மூடினால் ஒரு செட்டு. ஒரு தட்டில் நாலும் வரும், ஆறும் வரும். ஆகவே விலையைக் கேட்கும்போதே தட்டுக்கு எத்தனை செட்டு என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். தட்டு விலை மலிவாக இருக்கிற இடத்தில் செட்டு எண்ணிக்கையும் பல சமயம் குறைவாகவே இருக்கும்.

முதலில் தட்டுவடை. பெரும்பாலான வண்டிக்காரர்கள் இதைத் தாங்களே சுடுவதில்லை. வீட்டுத் தொழிலாகச் சுட்டு எடைக்குத் தருகிறவர்களிடம் வாங்குகிறார்கள். அதனால் வண்டிக்காரர் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும், அன்றைய சரக்கு சரியில்லை என்றால் செட்டும் சரியில்லை. ஆர்டர் கொடுக்கும் முன் டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்து வெறுமனே கடித்துப் பாருங்கள்; கேட்டால் யாரும் இல்லையென்று சொல்ல மாட்டார்கள். படக்கென்று உடைந்தால் சரி. வளைந்து கொடுத்து அப்புறம் உடைந்தால் நமத்துவிட்டது. மென்று விழுங்கிய பின் தொண்டையில் சிக்கு வாடை நின்றால் பழைய எண்ணெய். அதைச் சட்னி மறைத்துவிடும், ஆனால் ராத்திரி வயிறு சொல்லும்.

தீபாவளிக்கு வீட்டில் சுடுகிற தட்டையில் கடலைப்பருப்பு தாராளமாக இருக்கும். செட்டுக்கு அது ஆகாது. பருப்பு துருத்திக்கொண்டிருந்தால் மேலே வைக்கிற வடை ஒழுங்காக உட்காராது, துருவல் சரிந்து கொட்டும். நல்ல செட்டுத் தட்டுவடை ஓரளவு மொழுமொழுவென்று, தட்டையாக, எள்ளோ சீரகமோ மட்டும் தெரிகிற மாதிரி இருக்கும். பூரி மாதிரி உப்பியதும் உதவாது. மேலே எதுவும் நிற்காது, கடித்தால் நொறுங்கிச் சட்டையில் விழும்.

அடுத்தது சட்னி. பச்சைச் சட்னி புதினா, கொத்தமல்லி, பச்சை மிளகாய். சிவப்பு, காய்ந்த மிளகாயும் பூண்டும். இரண்டுமே தோசைக்கு வைக்கிற சட்னியைவிட நல்ல கெட்டியாக இருக்க வேண்டும். வண்டிக்காரர் கரண்டியில் எடுத்துச் சாய்க்கும்போது கவனியுங்கள். மொத்தமாக வழுக்கி விழுந்தால் நல்ல பதம். தண்ணீர் ஒரு பக்கமும் விழுது ஒரு பக்கமுமாகப் பிரிந்து ஓடினால், தட்டு கைக்கு வந்து ஒரு நிமிஷத்தில் கீழ்வடை ஊறிவிடும். கூட்டம் ஏறும் ஏழரை மணிக்கு மேல் சட்னி தீரப்போகிறது என்று தண்ணீர் விட்டுக் கலக்குகிற பழக்கம் சில இடங்களில் உண்டு. ஒரே வண்டியில் ஆறு மணிச் செட்டும் ஒன்பது மணிச் செட்டும் வேறாகிப்போவதற்கு முக்கியக் காரணம் இதுதான். பொட்டுக்கடலை சேர்த்து அரைத்த சட்னி இந்தச் சோதனையில் தப்பிவிடும். பொட்டுக்கடலை தண்ணீரைப் பிடித்துக்கொள்கிறது, ருசியையும் பெரிதாகக் கெடுப்பதில்லை.

பச்சைச் சட்னியின் நிறத்தையும் பார்க்க வேண்டும். எலுமிச்சையோ புளியோ சேர்ந்த நிஜமான புதினாச் சட்னி நேரம் ஆக ஆக மங்கி, கொஞ்சம் பழுப்புத் தட்டும். மாலை ஐந்து மணிக்கு இருந்த பளீர்ப் பச்சை இரவு ஒன்பதுக்கும் அப்படியே இருந்தால், விரலில் பட்டது கழுவியும் போகவில்லை என்றால், உள்ளே சாயப்பொடி இருக்கலாம். சிவப்பில் கண்டுபிடிப்பது கடினம். பீட்ரூட்டே எல்லாவற்றையும் சிவப்பாக்கிவிடும்.

துருவலில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கேரட், பீட்ரூட்டில் முன்கூட்டியே உப்புப் போட்டு வைத்தால் அது தண்ணீர் விட ஆரம்பிக்கும். கெட்டிச் சட்னி வைத்தும் செட்டு சொதசொதவென்று ஆவது இதனால்தான். தெரிந்தவர்கள் உப்பில்லாமல் துருவி, பீட்ரூட்டை மட்டும் ஒருமுறை கையால் பிழிந்துவிட்டு வைப்பார்கள். உப்பெல்லாம் சட்னியில் இருக்கும், எலுமிச்சை கடைசியில் நாலு சொட்டு. வெங்காயத்தை அவ்வப்போது அரிகிற வண்டி என்றால் கண்ணை மூடிக்கொண்டு நிற்கலாம். மதியமே அரிந்து டப்பாவில் அடைத்த வெங்காயத்துக்கு ஒரு கசப்பும் நாற்றமும் ஏறிவிடும்; பூண்டுச் சட்னிகூட அதை அமுக்காது.

தின்பதற்கும் முறை உண்டு. "காரம் எப்படிங்க?" என்று வண்டிக்காரர் கேட்பார். முதல்முறை என்றால் "கம்மியா வைங்கண்ணா" என்று சொல்லிவிடுங்கள். சேலத்தில் குகை, செவ்வாய்ப்பேட்டை என்கிற பகுதிகள் பக்கம் "மீடியம்" என்பதே வெளியூர் நாக்குக்கு அதிகம். தட்டு வந்ததும் போட்டோ எடுக்க நிற்காதீர்கள். ஒரு செட்டு ஒரே வாய். இரண்டாகக் கடித்தால் பாதி கீழே போகும். நாலைந்து பேராகப் போனால் எல்லாருக்கும் சேர்த்து ஒரே நேரத்தில் ஐந்து தட்டுக் கேட்பது பெரிய தப்பு. ஐந்தாவது தட்டு அடுக்கி முடிவதற்குள் முதல் தட்டு நமத்திருக்கும். இரண்டிரண்டாகக் கேட்டுப் பகிர்ந்து தின்பதுதான் உள்ளூர்ப் பழக்கம்.

வகைகள் ஏகப்பட்டது இருக்கின்றன. பூண்டு செட்டில் காரச் சட்னி மட்டும் கூடுதலாக விழும். முறுக்கு செட்டில் தட்டுவடைக்குப் பதில் சின்ன முறுக்கு. இடைவெளிகளில் சட்னி தங்குவதால் காரம் தூக்கலாக இருக்கும், ஆனால் சீக்கிரம் ஊறும். மாங்காய் செட்டு, மாங்காய்க் காலத்தில் மட்டும் கேட்க வேண்டியது. கிளிமூக்கு மாங்காயைத் தோலோடு மெல்லிய வில்லையாகச் சீவி வைத்தால், எலுமிச்சை தேவைப்படாத புளிப்பு. அதே செட்டை மாங்காய் வரத்து இல்லாத மாதத்தில் கேட்டால் உப்பில் ஊறின வில்லை வரும்; அந்த உப்புத் தண்ணீர் வடையைக் கொன்றுவிடும். முட்டை செட்டில் அவித்த முட்டை வில்லையும் மிளகுத்தூளும். முட்டை ஆறியிருக்க வேண்டும், சூடாக இருந்தால் ஆவி பட்டே வடை தளர்ந்துவிடும்.

சீஸ், மயோனைஸ் செட்டுகள் ஐந்து ரோடு, சாரதா கல்லூரி சாலைப் பக்கம் இளவட்டங்களுக்காக வந்தவை. காரத்தைக் கொழுப்பு மழுப்பிவிடுகிறது. சேலத்துக்கு வந்து அதைத் தின்ன வேண்டிய அவசியம் எனக்குப் படவில்லை. பச்சை முட்டையில் செய்கிற மயோனைஸுக்குத் தமிழ்நாட்டில் 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை விதித்தார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். முட்டையில்லாத மயோனைஸா என்று கேட்டுவிட்டு வாங்குவது நல்லது.

செட்டைவிட நொறுக்கலில்தான் கைவரிசை தெரியும். கிண்ணத்தில் தட்டுவடையையோ முறுக்கையோ நொறுக்கிப் போட்டு, வெங்காயம், துருவல், இரண்டு சட்னி, கொத்தமல்லி சேர்த்துக் கிளறித் தருவது. முட்டை நொறுக்கல் என்றால் அவித்த முட்டையும் உதிர்ந்து சேரும். கேட்க எளிது, கெடுவதும் எளிது. தூளாக நொறுக்கிவிட்டால் சட்னி பட்டதும் களியாகிவிடும். துண்டு கட்டைவிரல் நகம் அளவாவது இருக்க வேண்டும். வரிசையும் முக்கியம்: முதலில் நொறுக்கியதும் வெங்காயமும், அப்புறம் துருவல், சட்னி கடைசி, பத்துப் பன்னிரண்டு கிளறலோடு நிறுத்தம். முதலிலேயே சட்னியை ஊற்றிவிட்டு அதில் வடையை நொறுக்கிப் போடுகிறவரிடம் நொறுக்கல் கேட்காதீர்கள், செட்டு மட்டும் வாங்குங்கள். டப்பாவின் அடியில் உடைந்து கிடக்கும் வடைகள் நொறுக்கலுக்குப் போவது வழக்கம்தான், அதில் குறையொன்றுமில்லை. நேற்றைய அடித்தூளும் சேர்ந்து போகிறதா என்பதுதான் கேள்வி. கண்ணெதிரே முழு வடையை எடுத்து நொறுக்கச் சொன்னால் பிரச்சினை தீர்ந்தது.

இதே வண்டிகளில் கிடைக்கிற காரப்பொரி தனிக் கதை. பூண்டு விழுதைப் பொரியில் நேராகப் போடாமல் முதலில் எண்ணெயில் குழைத்துப் போட்டால் பொரி சுருங்காது. அவ்வளவு தெரிந்தால் போதும்.

இடம் பற்றி. குகை, அம்மாபேட்டை மாதிரித் தறி ஓடும் தெருக்களிலும், கொலுசுப் பட்டறைகள் இருக்கும் செவ்வாய்ப்பேட்டையிலும் வண்டிக்கு வருகிறவர்கள் தினமும் வருகிறவர்கள். ஒரு நாள் சட்னியில் தண்ணீர் கூடினால் அப்போதே மூஞ்சிக்கு நேராகச் சொல்லிவிடுவார்கள். அதனால் அந்தத் தெருக்களில் தரம் அவ்வளவாக ஆடுவதில்லை. பேருந்து நிலையம் பக்கம் வருகிறவர் நாளைக்கு வரப்போவதில்லை. அங்கே அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் திருவிழாச் சமயம் எங்கேயும் கூட்டம் நெரியும். அந்த நாட்களில் எந்த வண்டியையும் எடைபோட வேண்டாம். ஆகஸ்ட், செப்டம்பரில் சாயங்காலம் மழை பிடித்தால், திறந்த டப்பாவில் வடை வைத்திருக்கும் வண்டியைத் தாண்டிப் போய்விடுங்கள். காற்றின் ஈரமே போதும் நமத்துப்போக.

பேப்பரில் வைத்துத் தந்தால், அச்சடித்த செய்தித்தாள் வேண்டாம் என்று தயங்காமல் சொல்லலாம். உணவைச் செய்தித்தாளில் வைக்கக்கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016லேயே சொல்லிவிட்டது.

வீட்டில் செய்து பார்க்கிறவர்களுக்கு அளவு: அரிசி மாவு 2 டம்ளர், பொட்டுக்கடலை மாவு கால் டம்ளர், வெண்ணெய் 2 மேசைக்கரண்டி, மிளகாய்த்தூள் ஒன்றரை டீஸ்பூன், எள் 1 டீஸ்பூன், பெருங்காயம், உப்பு. மாவை வறட்சியாகவே பிசைய வேண்டும். சின்ன நெல்லிக்காய் அளவு உருண்டை பிடித்து, எண்ணெய் தடவிய இரண்டு தாளுக்கு நடுவில் தட்டி, முள்கரண்டியால் ஏழெட்டு இடத்தில் குத்திவிடுங்கள், இல்லாவிட்டால் உப்பும். நடுத்தரச் சூட்டில் எண்ணெயின் சலசலப்பு அடங்கும்வரை வேகட்டும். வெண்ணெய் கூடினால் எண்ணெயில் போட்டதும் பிரிந்துபோகும், குறைந்தால் பல்லை உடைக்கும். சிவப்புச் சட்னிக்குக் காய்ந்த மிளகாய் 10, வெந்நீரில் 20 நிமிஷம் ஊறியது, பூண்டு 12 பல், துளி புளி, உப்பு. ஊறின தண்ணீரை ஊற்றி அரைக்காமல், ஒரு கரண்டி எண்ணெய் விட்டு அரைத்தால் கெட்டியாக நிற்கும்.

ஏற்காட்டுக்குப் பார்சல் எடுத்துப் போகிறவர்கள் அடுக்கிய செட்டை வாங்கவே கூடாது. 20 கொண்டை ஊசி வளைவு ஏறி முடிப்பதற்குள் அது கூழாகியிருக்கும். வடை தனி, இரண்டு சட்னியும் தனித்தனி டப்பா, துருவல் தனி, வெங்காயத்தை மேலே போய் அரிந்துகொள்ளலாம். சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். மேலே காற்றழுத்தம் குறைவதால் சீல் வைத்த பாக்கெட் பலூன் போல உப்பும், சட்னியைக் கவரில் கட்டியிருந்தால் முடிச்சு வழியாகக் கசியும். இறுக மூடுகிற எவர்சில்வர் டப்பாவில் விளிம்பு வரை நிரப்பாமல் எடுத்துப் போங்கள். மேலே பனிமூட்டம் இருக்கும் நேரத்தில் வடைப் பாக்கெட்டைப் பிரித்துவைத்துப் பேசிக்கொண்டிருந்தால் ஐந்து பத்து நிமிஷத்தில் அதன் சத்தம் போய்விடும். தேவையானதை மட்டும் எடுத்துக்கொண்டு பாக்கெட்டின் வாயை ரப்பர் பேண்டால் கட்டிவிடுங்கள். அதையும் மீறி நமத்திருந்தால், ஏரிக்கரையில் சூடாக மிளகாய் பஜ்ஜி போடுகிறவர்கள் இருக்கிறார்கள், அங்கே போய்விடலாம். எண்ணெய் கறுத்திருக்கிறதா என்று மட்டும் எட்டிப் பாருங்கள்.