மலைப்பாதையில் மின்சாரக் கார்: தானே சார்ஜ் ஆகுமா?

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக உதகைக்கு ஏறி, அதே சாலையில் இறங்கிய பிறகு இந்த மின்சார எஸ்.யு.வி.யைப் பற்றி எழுதுகிறேன். மலைப்பாதைக்கு இதைவிடப் பொருத்தமான வண்டியை நான் ஓட்டியதில்லை. ஆனால், "ஓட ஓடத் தானே சார்ஜ் ஆகிவிடும்" என்று விற்பனையகத்தில் சொன்னதை நம்பி எவரும் இதை வாங்கிவிடக் கூடாது.

கல்லாறு தாண்டியதும் தொடங்கும் ஏற்றத்தில், கொண்டை ஊசி வளைவில் எதிரே வரும் பேருந்துக்கு வழிவிட்டு நின்றாலும், பின்னால் உருளாமல் சீராகக் கிளம்புகிறது. ஆட்களோடு சேர்த்துச் சுமார் 1,700 கிலோ எடையை ஏறத்தாழ 1,900 மீட்டர் உயர்த்துவதற்கு மட்டும் 9 யூனிட் அளவுக்கு ஆற்றல் வேண்டும்; சக்கர உராய்வு, காற்றின் எதிர்ப்பு, மோட்டாரின் இழப்பு எல்லாம் அதற்கு மேல். 40 யூனிட் பேட்டரியில், உதகை சேர்ந்தபோது சுமார் 40 சதவீதம் இறங்கியிருந்தது.

இறக்கத்தில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே மோட்டார் ஜெனரேட்டராகி வேகத்தைப் பிடித்துக்கொள்கிறது. பர்லியாறு அருகே வழக்கமாக மூக்கைத் துளைக்கும் பிரேக் கருகும் வாடை இல்லவே இல்லை. அடிவாரத்தில் பேட்டரிக்குத் திரும்பியிருந்தது 6 சதவீதம். அதுவும் புதிதாகப் பிறந்த மின்சாரம் அல்ல, ஏறும்போது நாம் செலவிட்டதில் உராய்வுக்கும் வெப்பத்துக்கும் போக எஞ்சியதுதான்.

சக்கரத்தில் தனி ஆல்டர்னேட்டர் (சுழற்சியிலிருந்து மின்சாரம் எடுக்கும் கருவி) பொருத்தினால் சமதளத்திலும் சார்ஜ் ஏறும் என்று ஓர் இணைப்புக் கருவியையும் விற்பனையகத்தில் காட்டினார்கள். அதைச் சுழற்றும் விசையையும் அதே மோட்டார்தான் கொடுத்தாக வேண்டும். இரண்டுக்கும் தலா 90 சதவீதத் திறன் என்றே வைத்துக்கொண்டாலும், அந்தக் கருவிக்காக 100 யூனிட் செலவிட்டால் 81 யூனிட்தான் திரும்பும். மீதி வெப்பமாகிக் கரையும், கார் போகும் தூரம் குறையும். 1932 முதல் மின்சாரம் தரும் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்திலும், நீரை ஆவியாக்கி மழையாக மலைமேல் சேர்ப்பது வெயில்தான். கீழே விழுந்த நீர் தன் பலத்திலேயே மேலே ஏறுவதில்லை. கூரையில் சூரியத் தகடு வைத்தால் வெளியிலிருந்து ஆற்றல் வரும், உண்மைதான். ஆனால் கார் கூரையின் பரப்புக்கு, நல்ல வெயில் நாளிலும் ஓரிரு யூனிட்டுக்கு மேல் எதிர்பார்க்க முடியாது. உதகையின் மூடுபனியில் அதுவும் குறையும்.

ஆகவே அந்த இணைப்புக்குக் கொடுக்கும் பணத்தில் வீட்டில் முறையான எர்த்துடன் 15 ஆம்பியர் பிளக் பாயின்ட் போட்டுக்கொள்ளுங்கள். உதகையில் சார்ஜ் செய்யும்போது 90 சதவீதத்தில் நிறுத்திவிடுங்கள். முழுதும் நிரம்பிய பேட்டரியில் இறக்கத்தின் மின்சாரம் ஏற இடமிராது, அப்போது வேகத்தைக் குறைக்கும் பாரம் முழுவதும் சாதாரண பிரேக்கின் மேல் விழும்.