பென்டிரைவ் வைரஸுக்கு வெர்ச்சுவல்பாக்ஸ்: போட்டதும் நெட்வொர்க்கை அணைத்துவிடுங்கள்

சிம்மக்கல் பக்கம் எங்களைப் போல டிடிபி, ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். முகூர்த்த மாதம் பிறந்தால் கல்யாணப் பத்திரிகை, காதணி விழா என்று வந்து குவிகிற பென்டிரைவ்களில் ஷார்ட்கட் வைரஸ் இருப்பது சாதாரணம். அவற்றை, கம்ப்யூட்டருக்குள்ளேயே தனியாக இன்னொரு கம்ப்யூட்டரை (வெர்ச்சுவல் மெஷின்) ஓட்டுகிற வெர்ச்சுவல்பாக்ஸ் என்ற மென்பொருளைப் போட்டு, அதற்குள் ஒரு லினக்ஸில்தான் திறக்கிறோம். தாராளமாக வாங்கிப் போடுங்கள் என்று சொல்லக்கூட வேண்டாம், இலவசம்தான். ஆனால் அது தருகிற செட்டிங்கை அப்படியே நம்ப வேண்டாம்.

கிளிப்போர்டு பகிர்வு, டிராக் அண்ட் டிராப் இரண்டும் புது மெஷினில் அணைந்தே இருக்கும், ஷேர்டு ஃபோல்டரும் இருக்காது. அதெல்லாம் சரி. நெட்வொர்க்தான் நாட் (NAT) முறையில், அதாவது கடை கம்ப்யூட்டரின் இணைப்பு வழியாகவே வெளியே போகிற மாதிரி, திறந்தே வருகிறது. நாட் இருந்தால் வெளியே இருந்து யாரும் நேராக உள்ளே வர முடியாது, ஆனால் உள்ளே ஓடுகிற ஒரு வைரஸ் இன்டர்நெட்டுக்கும் போகலாம், கடையில் பில் போடுகிற கம்ப்யூட்டரை எட்டவும் வழி இருக்கிறது. லினக்ஸ் அப்டேட் எல்லாம் முடிந்ததும் மெஷினை நிறுத்தி, செட்டிங்கில் நெட்வொர்க் அடாப்டர் டிக்கை எடுத்துவிட்டு ஒரு ஸ்னாப்ஷாட் (அந்த நிமிடத்து நிலையின் பதிவு) எடுத்து வையுங்கள். ராத்திரி கடை அடைக்கும்போது அந்த ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பினால் அன்றைக்கு உள்ளே சேர்ந்த குப்பை மொத்தமும் போய்விடும்.

பென்டிரைவைச் சொருகி, டிவைசஸ் மெனுவில் யூஎஸ்பி போய் டிக் செய்தால் அது விண்டோஸை விட்டு உள்ளே போய்விடும். விண்டோஸில் ஒரே ஒரு ஷார்ட்கட்தான் தெரியும், வாடிக்கையாளர் எல்லாம் அழிந்துபோச்சு என்று பதறுவார். லினக்ஸில் பார்த்தால் அதன் பக்கத்திலேயே பெயரில்லாத ஒரு ஃபோல்டர், அதற்குள் குழந்தை போட்டோ, தாய்மாமன்கள் பெயர்ப் பட்டியல், எல்லாம் பத்திரமாக இருக்கும். இந்த ஒன்றுக்காகவே இதைப் போடலாம்.

எல்லா பென்டிரைவும் தானாக உள்ளே போகட்டும் என்று காலி ஃபில்டர் (விவரம் எதுவும் நிரப்பாத யூஎஸ்பி விதி) போட்டு வைக்காதீர்கள், அது எந்த யூஎஸ்பி சாதனத்துக்கும் பொருந்தும், பிரிண்டரும் கீபோர்டும்கூட உள்ளே போய்விடலாம். இன்னொன்று, 7.0 பதிப்பிலிருந்து யூஎஸ்பி 2, 3 இரண்டும் அடிப்படை மென்பொருளிலேயே வந்துவிட்டன, அதனால் இதற்காக எக்ஸ்டென்ஷன் பேக் என்ற கூடுதல் தொகுப்பு தேவையில்லை. அந்த பேக் சொந்த உபயோகத்துக்குத்தான் இலவசம், கடைக்கு லைசென்ஸ் வாங்க வேண்டும்.

8 ஜிபி ராம் உள்ள கம்ப்யூட்டரில் லேசான லினக்ஸுக்கு 2 ஜிபி கொடுத்தால் போதும், 4 ஜிபி கம்ப்யூட்டரில் இழுக்கும்.

விண்டோஸிலேயே இருக்கிற தற்காலிகத் தனி விண்டோஸான விண்டோஸ் சாண்ட்பாக்ஸ் போதாதா என்று கேட்பீர்கள். ஹோம் பதிப்பில் அது கிடையாது, இருக்கிற பதிப்பிலும் நெட்வொர்க், கிளிப்போர்டு இரண்டும் திறந்தே வரும்.

சிடிஆர் (கோரல்டிரா), பிஎம்டி (பேஜ்மேக்கர்) ஃபைல்களை எப்படியும் வெளியே எடுத்தாக வேண்டும். அதற்கு ஸ்னாப்ஷாட் எடுப்பதற்கு முன்பே, உள்ளே இருக்கிற லினக்ஸில் கெஸ்ட் அடிஷன்ஸ் என்ற வெர்ச்சுவல்பாக்ஸின் துணை மென்பொருளைப் போட்டு, காலியான ஒரு ஃபோல்டரை மட்டும் ஷேர் செய்யுங்கள், டெஸ்க்டாப்பையோ முழு டிரைவையோ கொடுக்க வேண்டாம். ஃபோல்டரோடு தூக்கிப் போடாமல் வேண்டிய ஃபைலை மட்டும் எடுங்கள், திறப்பதற்கு முன் ஆன்டிவைரஸில் ஸ்கேன் செய்துவிடுங்கள்.