நாலு வருஷமாக டக் டக்

ஏற்காடு நாகலூரில் இருக்கும் நண்பன் போன வாரம் போன் செய்து, "மாப்ள, உன் வீட்டு எக்சர்சைஸ் சைக்கிள் எப்படி, நானும் ஒண்ணு வாங்கலாமா?" என்றான். வாசலைத் தாண்டினால் மேடும் பள்ளமுமாக இருக்கிற ஏற்காட்டில் உட்கார்ந்துகொண்டு உனக்கு எதுக்குடா இது என்று சிரித்தேன். ஏறும்போது ஒன்றுமில்லையாம், இறங்கும்போதுதான் முட்டி பிடிக்கிறதாம். அது சரிதான். இறக்கத்தில் தொடைத் தசைதான் பிரேக் மாதிரி உடம்பைப் பிடித்துக்கொண்டே வர வேண்டும், வயசாக ஆக இளைப்பதும் அதுதான்.

நான் வாங்கியது 2021-ல், அப்போது எனக்கு 58. காந்தத்தால் மிதிக்கிற பாரத்தைக் கூட்டும் வகை, எட்டு லெவல், எல்லாரும் பார்த்த மாடல்தான். சொல்ல வேண்டியது இடது பெடலைப் பற்றி. முதல் மாசத்திலிருந்தே சுற்றுக்கு ஒரு டக். நிமிஷத்துக்கு 60 சுற்று என்றால் அரை மணிக்கு 1800 டக், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக்காரி சேலம் குகைப் பகுதியில் தறிச் சத்தத்திலேயே வளர்ந்தவள், "என்னங்க, தறி ஓட்டறீங்களா? தறியாச்சும் சேலை கொடுக்கும்" என்பாள். சர்வீஸுக்கு வந்தவர் மூன்று தடவையும் எண்ணெய் விட்டுவிட்டு, காசு வாங்கிக்கொண்டு போனார்.

போன மாசம் பெடல் கழன்று கையோடு வந்துவிட்டது. பக்கத்துத் தெரு சைக்கிள் கடைக்காரர் ஒரு பார்வைதான் பார்த்தார். இடது பெடலுக்கு மரை தலைகீழ், அதை இடப்பக்கமாகத் திருகித்தான் இறுக்க வேண்டும். மாட்டிக் கொடுத்த ஆள் வலது பெடல் மாதிரியே நினைத்து ஸ்பேனர் போட்டு முறுக்கியிருக்கிறார், பெடலை மாட்டும் தண்டான கிராங்கின் மரை அன்றைக்கே போய்விட்டது. பெடலில் எல், ஆர் என்று போட்டிருப்பதை நானாவது பார்த்திருக்கலாம். கிராங்க் மாற்றக் கூலியோடு 450 ரூபாய். 450 ரூபாய்க்கு நாலு வருஷம்!

இப்போது சத்தமே இல்லை. இல்லாததால் என் முட்டி கடக் கடக் என்பது கேட்கிறது. வலியும் வீக்கமும் இல்லாமல் வெறும் சத்தம் மட்டும் என்றால் பயப்பட வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

பலன் உண்டா? உண்டு. மூன்று மாடி ஏறினாலும் மூச்சு வாங்குவதில்லை, சித்திரை வெயிலிலும் மழையிலும் வாரத்துக்கு 150 நிமிஷம் தப்புவதில்லை. சைக்கிள் காட்டும் கலோரி மட்டும் சுத்தப் பொய். 82 கிலோ எனக்கும் 54 கிலோ அவளுக்கும் ஒரே எண்ணைக் காட்டுகிறது, எடையைக் கேட்டால்தானே. அதை நம்பி ஒரு சீசன் முழுக்க மல்கோவா தின்றேன், அந்தக் கதை வேண்டாம்.

அப்புறம், இதை மட்டும் நம்பினால் ஆகாது. பாரத்தை சீட் தாங்கிக்கொள்கிறது, அதனால் எலும்புக்கு வேலையே இல்லை. தடுமாறாமல் நிற்கவும் இது பழக்காது. 65 தாண்டினால் வாரத்தில் மூன்று நாளாவது அதற்கும் பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நான் இப்போதே தொடங்கிவிட்டேன். கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து தடவை எழுந்து உட்காருகிறேன், பல் விளக்கும்போது ஒற்றைக்காலில் நிற்கிறேன், வாஷ் பேசின் விளிம்பு கைக்கெட்டும் தூரத்தில்தான்.

இதையெல்லாம் கொட்டிவிட்டு நண்பனிடம், வாங்காதே, தலைவலி என்றேன். "சரி, அப்போ உன்னோடதை ஐயாயிரத்துக்குக் கொடுத்துடு" என்றான். போனை வைடா என்றுவிட்டேன்.